நேரே சாயமா, சோடா போட்டுச் சாயமா?

திருகோணமலை வெயிலுக்கு வேப்பிலையை வைத்து சயனோடைப் (இரும்பு உப்புப் பூசிய தாளில் வெயிலால் பதியும் நீலப் படம்) எடுப்பது சுலபம். 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த அந்த நீலத்தை வீட்டிலேயே மாற்ற இரண்டு வழிகள் சொல்கிறேன்.

ஒன்று, கழுவிய படத்தை ஆறிய கடுஞ்சாயத்தில், அதாவது பால் சேர்க்காத கடுந்தேநீரில், நேரே ஊறவிடுவது. தேயிலையின் டனின் என்ற துவர்ப்புப் பொருள் படத்திலுள்ள இரும்போடு சேர்ந்து கருநீலம் தரும். கெடுவது அரிது. ஆனால் வெள்ளைப் பகுதியும் பழுப்பேறும். கோணேசர் கோயிலடிக் கடலைப் படமாக்கினால் நுரையின் வெண்மை போய்விடும். எனக்கு அது பெரிய இழப்பு.

மற்றது, சலவைச் சோடாவைத் தண்ணீரில் சிறிதளவு கரைத்து முதலில் நீலத்தை வெளிறவைப்பது. நீலம் ஊதாவாகி, பிறகு மஞ்சளாகும். மெல்லிய நிறங்கள்தான் முதலில் கரையும், கண்ணை எடுக்கக் கூடாது. நன்றாக அலசிச் சாயத்தில் போட்டால் கபிலமும் கறுப்பும் எழும்பி வரும். அதைப் பார்ப்பதே தனிச் சந்தோஷம். தாள் இதிலும் கறைபடும். தடித்த வாட்டர்கலர் தாள் வேண்டும், சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

இலைப் படங்களுக்கு நான் சோடாவைத்தான் தேர்வேன், கறுப்பில் அவ்வளவு ஆழம். கடலுக்கு முதல் வழியே நல்லது, கிரீன் டீயில்: தாளில் கறை குறைவு.