எலுமிச்சைக்கும் ஆர்க்கிட்டுக்கும் ஒரே பராமரிப்பு என்று சொன்னால் நம்பாதீர்கள்

செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே நாளில், ஒரே கடையில் ஒரு எலுமிச்சைச் செடியும் ஒரு நீல ஆர்க்கிட்டும் வாங்கி, இரண்டிலும் ஏமாந்தவன் நான். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

எலுமிச்சை இடுப்பு உயரம், நான்கு காய், இலையெல்லாம் எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு. ஆர்க்கிட் பலநோப்சிஸ் வகை, வளைந்த தண்டில் ஏழு பூ, அத்தனையும் மைப்புட்டியில் முக்கி எடுத்த நீலம். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். "ரெண்டும் செடிதானே சார், ஒரே மாதிரிதான். ஜன்னல் ஓரமா வையுங்க, தினமும் ஒரு டம்ளர் தண்ணி, வாரம் ஒரு தடவை இந்த உரம். வருஷம் முழுக்கப் பூவும் காயும்தான்" என்று சொல்லி, பூக்கும் செடிகளுக்கான உர டப்பா ஒன்றையும் பையில் போட்டுவிட்டார். காசு தனியாகத்தான். எனக்கும் அப்போது எதுவும் தெரியாது, சரி என்று வந்துவிட்டேன்.

மூன்று வாரம் அவர் சொன்னபடியே செய்தேன். முதலில் எலுமிச்சையின் இலைகள் மஞ்சளாகின, அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, காய் நான்கும் சுண்டைக்காய் போலச் சுருங்கி விழுந்தன. போன் செய்தால், "உரம் பத்தலை சார், ரெண்டு மடங்கு போடுங்க" என்றார். போட்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மண் ஈரமாக நாறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் இன்னும் உரத்தைக் கரைத்து ஊற்றினேன், ஏனென்றால் விற்றவர் சொன்னார்.

அதே வாரம் ஆர்க்கிட்டின் இலைகள் துவண்டு தொங்கின. வெளியே அழகான பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டை கிடையாது. உள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வேர்களைச் சுற்றியிருந்த மரப்பட்டையை உதிர்த்தேன். நட்டநடுவில் கைமுட்டி அளவுக்கு இறுக்கமான ஒரு பாசி உருண்டை, பிழிந்தால் சொட்டுகிறது. ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன், மேல்தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்துவிட்டது, மிச்சம் இருந்தது ஒரு நூல்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, தண்ணீர் தேங்கினால் சாகும் என்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் நேர் எதிர். எலுமிச்சைக்குத் தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், 8 கிடைத்தால் இன்னும் நல்லது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்கும் வெளிச்சம் அதற்குப் பட்டினி. ஆர்க்கிட்டை அந்த உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும், அதற்கு மெல்லிய திரைக்குப் பின்னால் வரும் வெளிச்சம் போதும். எலுமிச்சை மண்ணில் வேர் விடும் மரம். மேல் மண்ணில் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, தொட்டியின் அடியில் வழியும் வரை ஒரேயடியாக ஊற்றிவிட்டு மறுபடி காய விட வேண்டும். தினமும் ஒரு டம்ளர் ஊற்றினால் மேல் மண் எப்போதும் சேறு, அடி வேருக்குப் போதிய தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. பலநோப்சிஸ் மண்ணிலேயே வளராது, காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விட்டு வாழ்வது. அதன் வேரைப் பார்த்தே தண்ணீர் விடலாம். வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் சும்மா விடுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் குருத்தே அழுகும். இதெல்லாம் விற்கிறவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

உரத்திலும் அப்படித்தான். எலுமிச்சை பெருந்தீனிக்காரன். தழைச்சத்து நிறைய வேண்டும், கூடவே இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு. மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 5.5 முதல் 6.5-க்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டிக் காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது, புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் வெளுக்கும். என் செடியில் பழைய இலை, புது இலை எல்லாமே சேர்ந்து மஞ்சளானது, அது வேர் அழுகலின் வேலை. ஆர்க்கிட்டுக்கோ டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால்வாசி போதும், அதற்கு மேல் போனால் வேர் நுனி கருகும். எனக்குக் கொடுத்த டப்பா எலுமிச்சைக்குப் போதாது, ஆர்க்கிட்டுக்கு அதிகம்.

சரி, கதைக்கு வருகிறேன். எலுமிச்சையை ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்றி, ஒரு வாரம் நிழலில் பழக்கி, வெயிலுக்குக் கொண்டுபோனேன். மேல் பகுதி மொத்தமாகக் காய்ந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் அடியிலிருந்து துளிர் வந்தது பாருங்கள், அப்படி ஒரு வேகம்! முழம் முழமாக வளர்ந்தது. செடி பிழைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தோட்ட வேலை தெரிந்த நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். அந்தத் துளிரில் இலைகள் வில்வம் போல மூன்று மூன்றாக இருந்தன, முள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். "இது எலுமிச்சை இல்லையே, ஒட்டுக்குக் கீழே இருந்த வேர்ச்செடி" என்றார். அதாவது, எலுமிச்சையை மேலே ஒட்டி வளர்ப்பதற்காக வேராக வைத்த வேறொரு செடி.

மண்ணைத் தோண்டிக் காட்டினார். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். என் செடியில் அது நான்கு விரல் ஆழத்தில் புதைந்திருந்தது, அதற்கு மேலே இருந்த எலுமிச்சைப் பட்டை கருத்து, நகத்தால் கீறினால் கூழாக வந்தது. வேர்ச்செடி அழுகல் நோயைத் தாங்கும் என்பதால்தான் அதன் மேல் ஒட்டுகிறார்கள். ஒட்டையே மண்ணில் புதைத்துவிட்டால் தாங்காத பகுதி ஈரத்தில் ஊறும், தாங்குகிற பகுதி மட்டும் மிஞ்சும். நான் தினமும் ஒரு டம்ளர் ஊற்றி அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறேன்.

ஆர்க்கிட் பிழைத்தது. அழுகிய வேர்களை வெட்டி, பாசியைத் தூக்கிப் போட்டு, வெறும் மரப்பட்டையில் வைத்தேன். ஒரு வருடத்தில் ஒரே ஒரு புது இலை, பொறுமையைச் சோதித்தது. இரவுகள் குளிர்ந்து 16 டிகிரி அளவுக்கு இறங்கிய சில வாரங்களுக்குப் பிறகு பூத்தண்டு எட்டிப் பார்த்தது. மொட்டு விரியும் நாளுக்காகக் காத்திருந்தேன். விரிந்தது.

வெள்ளை. சுத்தமான வெள்ளை.

பழைய தண்டை அடியோடு வெட்டாமல் விட்டிருந்தேன், நல்லவேளை. காய்ந்துபோன அந்தக் குச்சியைத் திருப்பிப் பார்த்தால், கீழே ஊசியால் குத்தின மாதிரி ஒரு துளை, அதன் மேல் மெழுகு, மெழுகைச் சுரண்டினால் உள்ளே நீலக் கறை. வெள்ளைப் பூச்செடியின் தண்டில் சாயத்தை ஏற்றி விற்கிறார்கள். இந்த வகையில் லேசான ஊதா சாயல் பூக்கள் உண்டு, ஆனால் கடையில் பளிச்சென்று நிற்கும் அந்த மைநீலம் சாயம்தான். சாயம் ஏற்றியது என்று எழுதி வைத்து விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இந்தக் கடையில் "அபூர்வ வகை" என்றார்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அபூர்வ வகை ஏன் வெள்ளையாகப் பூத்தது என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுத் தண்ணி அப்படி சார்" என்றார். எலுமிச்சையின் ஒட்டு ஏன் மண்ணுக்குள் இருந்தது என்று கேட்டேன். "அது செடி ஆடாம நிக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். பணம் திரும்பி வரவில்லை.

வாங்கும்போது தண்டின் அடியில் விரலை விட்டு மண்ணை ஒதுக்கி, ஒட்டின் வீக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். ஆர்க்கிட் என்றால் பூத்தண்டைக் கீழிருந்து மேல் வரை தடவிப் பாருங்கள், உள் தொட்டியைத் தூக்கிப் பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம். தடுத்தால் வேறு கடை.

முள்செடி இப்போது என் தோள் உயரம், வெட்ட மனம் வரவில்லை. வெள்ளை ஆர்க்கிட்டில் இன்னும் மூன்று மொட்டு பாக்கி.