வாடகை ஒட்சிசன் இயந்திரம்: திருகோணமலைப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் பிள்ளைகளுக்காக ஒட்சிசன் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க எண்ணுபவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் விபரத் தகட்டை வாசியுங்கள். அதில் 115 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால், கூடவே ஒரு ட்ரான்ஸ்போமரைத் தந்து “இதில் கொளுவினால் போதும்” என்று எவர் சொன்னாலும் அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். நகரத்திலுள்ள ஒரு வாடகை நிலையம் எங்களுக்குத் தந்தது அத்தகைய இயந்திரத்தைத்தான்.

குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பலவீனமாகவுள்ள எங்கள் இரண்டு வயது மகளுக்கு இந்த மாரியில் சுவாசத் தொற்று ஏற்பட்டது. காய்ச்சல் தணிந்த பின்னரும் உறக்கத்தில் ஒட்சிசன் அளவு இறங்கியதால், நிமிடத்துக்கு 1 லீற்றர் வீதம் மூக்குக் குழாய் மூலம் வீட்டில் கொடுக்கும்படியும், விரலில் கவ்வி இரத்தத்தின் ஒட்சிசன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர் 90 இற்குக் கீழே காட்டினால் தாமதியாமல் கொண்டு வரும்படியும் வைத்தியர் எழுதித் தந்தார். உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு இயந்திரத்தைக் கொண்டு வந்தவர் “ஏறக்குறையப் புதியது” என்றார். மாத வாடகையையும் அதைவிடப் பெரிய முற்பணத்தையும் பெற்றுக்கொண்டு, குழாயின் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருவதைக் காட்டிவிட்டுப் போனார். குமிழி காற்று வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்தக் காற்றில் ஒட்சிசன் எவ்வளவு என்பதை அது சொல்லாது.

அன்றிரவே ஒக்சிமீற்றர் 88 வரை இறங்கியது. வாடகை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, பிள்ளையின் விரல் குளிர்ந்திருக்கும் என்றார்கள். மீண்டும் அழைத்தபோது, 4 லீற்றருக்குக் கூட்டிவிடச் சொன்னார்கள். பணத்தை இழந்ததைக் காட்டிலும் இந்த அறிவுரைதான் எனக்கு இன்னமும் ஆத்திரமூட்டுகிறது. இவ்வகை இயந்திரம் ஒட்சிசனை உற்பத்தி செய்வதில்லை. அறையிலுள்ள, ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன் கொண்ட காற்றை அழுத்தி, சியோலைற்று மணிகள் நிரம்பிய தூண்களினூடே செலுத்தி, நைதரசனை அங்கே பிடித்து வைத்துக்கொண்டு எஞ்சியதை வெளியே விடுகிறது. நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில் அது 90 முதல் 96 சதவீதம் வரை ஒட்சிசனாக இருக்கும். மணிகள் பழுதடைந்திருந்தால், லீற்றரைக் கூட்டக் கூட நைதரசனும் கலந்து வந்து செறிவு மேலும் குறையும். அத்துடன், சின்னஞ்சிறு பிள்ளையின் மூக்கில் செலுத்தும் அளவை வைத்தியரின் சொல்லின்றிக் கூட்டுவது ஆபத்தானது. நாங்கள் கூட்டாமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்தோம். வைத்தியசாலை விடுதியில் அதே 1 லீற்றர் கொடுத்ததும் சிறிது நேரத்தில் 97 இற்கு ஏறியது.

மருத்துவ உபகரணங்கள் திருத்தும் உறவினர் ஒருவர் பின்னர் ஒட்சிசன் செறிவை அளக்கும் செறிவுமானியால் அளந்தபோது, இயந்திரம் தந்த காற்றில் ஒட்சிசன் எழுபது சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அது ஓடிய மணித்தியாலங்களைக் காட்டும் எண்மானியில் இருந்தது ஐந்து இலக்க எண், அதாவது பத்தாயிரம் மணித்தியாலங்களுக்குக் குறையாது. செறிவு குறைந்தால் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கின் மேல் நிலையத்தின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலிக்கான வயர் வெட்டப்பட்டிருந்தது. இதைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? மேலும், ட்ரான்ஸ்போமர் வோல்ற்றளவை மட்டுமே குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கென ஆக்கப்பட்ட மோட்டார் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழல்வதால் அழுத்தமும் குறையும், சூடும் ஏறும். நமது கடற்கரை ஈரத்தில் ஓடாமல் கிடந்த இயந்திரத்தின் மணிகள் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிருக்கவும் கூடும்.

ஆகவே, இயந்திரத்தை இருபது நிமிடமாவது ஓடவிட்டு, வைத்தியர் எழுதிய லீற்றர் அளவிலேயே செறிவை உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். செறிவுமானி இல்லை என்பவரிடம் எடுக்க வேண்டாம். அரை லீற்றருக்கும் குறைவாகக் கொடுக்க வேண்டிய பிள்ளையென்றால் சிறு அளவுகளைக் காட்டும் தனி அளவுமானி தேவை. பெரியவர்களின் விரல்கவ்வி குழந்தையின் விரலில் சரியாக அளக்காது. மின்சாரம் நின்றால் இயந்திரமும் நிற்கும் என்பதால் ஒரு சிலிண்டரும் கைவசம் இருக்க வேண்டும். அறையில் குத்துவிளக்கோ சாம்பிராணியோ கூடாதென்றும், மூக்கு காய்ந்தாலும் வசிலின் பூசக் கூடாதென்றும் எங்களுக்குச் சொன்னவர் விடுதித் தாதிதான். வாடகைக்குத் தந்தவர் வாயே திறக்கவில்லை.

முற்பணம் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. பற்றுச்சீட்டையும் படங்களையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட்டுள்ளோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 இற்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். விசாரணை நடப்பதால் நிலையத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. இயந்திரத்தை அவர்கள் திருப்பி எடுத்துவிட்டார்கள், அது மறுபடியும் வாடகைக்குப் போயிருக்கலாம். உங்கள் வீட்டிலுள்ளதன் முகப்பில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இப்போதே உரித்துப் பாருங்கள்.