ஆறு வருட எம்பிஆரும் ஒரு பிடி தேங்காய் நாரும்

சிங்கப்பூரின் துவாஸில் புதிதாக ஓர் உணவுத் தொழிற்சாலைக்கு மாறியிருக்கும் நண்பர் நேற்று போன் பண்ணி, "அண்ணே, கழிவுநீருக்கு எம்பிஆர் போடச் சொல்றாங்க, போடலாமா?" என்று கேட்டார். எம்பிஆர் என்றால், கிருமிகள் அழுக்கைத் தின்னும் தொட்டியிலிருந்து தண்ணீரை மெம்பிரேன் எனும் நுண்துளை இழைகள் வழியே உறிஞ்சி வடிகட்டும் அமைப்பு. போன வாரம்தான் இரண்டு இரவு கண்விழித்து எங்கள் மெம்பிரேனைத் தூக்கிக் கழுவி முடித்தேன். அந்தக் கை வலியோடுதான் இதை எழுதுகிறேன்.

செனோக்கோவில் எங்களுடையது தேங்காய்ப்பாலும் மசாலா விழுதும் செய்கிற இடம். தண்ணீரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மஞ்சளும் எண்ணெயுமாக உள்ளே போவது, லேசான மஞ்சள் சாயல் தவிர கண்ணாடி மாதிரி வெளியே வருகிறது. அதில் ஒரு பகுதியைக் கூலிங் டவருக்கே திருப்பி விடுகிறோம். தொட்டியில் கிருமிகள் சேர்ந்த சகதி சரியாகப் படியாத நாளில்கூடத் தெளிவு மாறுவதில்லை.

ஆனால் இந்த நார்! ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்தவர்கள் மெம்பிரேனுக்கு முன்னால் குப்பையைத் தடுக்க 3 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கம்பி ஸ்கிரீன் போதும் என்றார்கள். தேங்காய் ஓட்டில் ஒட்டியிருக்கும் நார் மெல்லியது, இடைவெளியில் நீளவாக்கில் நுழைந்து போய்விடும். உள்ளே காற்று அடிக்க அடிக்க மெம்பிரேன் இழைகளைச் சுற்றி முறுக்கி, சேற்றையும் சேர்த்துச் சடை பின்னியதுபோல் ஆகிவிடுகிறது. சக்ஷன் அழுத்தம் ஏறும், அலாரம் அடிக்கும், குளோரினும் சிட்ரிக் ஆசிடும் விட்டுக் கழுவுவோம். அழுக்குப் போகும், சடை போகாது. செயின் பிளாக்கில் தூக்கி வைத்து விரலால்தான் பிரிக்க வேண்டும். கத்தி வைத்தால் இழை அறுந்து அந்த ஓட்டை வழியே சகதி வந்துவிடும். மூன்றாவது வருடம் 1 மில்லிமீட்டர் டிரம் ஸ்கிரீன் (சுழலும் உருளைச் சல்லடை) போட்ட பிறகு பாதிக்குப் பாதி குறைந்தது, முழுக்க நிற்கவில்லை.

அப்புறம் தம்பி, உங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். பொதுச் சாக்கடைக் குழாய்க்குத்தான் என்றால், பொதுப் பயனீட்டுக் கழகம் கேட்பது லிட்டருக்கு பிஓடி (அழுக்கைக் கிருமிகள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 400, சிஓடி (அதையே ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 600, கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 400 மில்லிகிராமுக்குள், பிஎச் 6 முதல் 9. பிஓடியும் திடப்பொருளும் கூடுதலாக இருந்தால்கூட அனுமதி வாங்கிக் கட்டணம் கட்டி விடலாம். அதற்கு எண்ணெயைக் காற்றுக் குமிழிகளால் மேலே மிதக்கவிட்டு எடுக்க ஒரு டிஏஎஃப், பின்னால் கிருமிகள் ஒட்டி வளரும் பிளாஸ்டிக் வில்லைகள் மிதக்கிற எம்பிபிஆர் தொட்டி, பெரும்பாலும் இவ்வளவு போதும். வில்லையில் நார் சிக்கினாலும் இரண்டு இரவு யாரும் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை. ஆகவே உங்களுக்கு எம்பிஆர் வேண்டாம்.

எங்களுடையதைக் கழற்றலாமா என்று மேலாளர் கேட்டால் மட்டும் விடமாட்டேன். அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

போட்டே ஆக வேண்டும் என்று உங்கள் முதலாளி நின்றால், ஸ்கிரீன் 1 மில்லிமீட்டர், கம்பி இடைவெளி இல்லை, துளையிட்ட தகடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.