பத்தின் வலுக்களைக் கையால் கணக்கிட எந்த முறை நல்லது?

மட்டக்களப்பில் பின்னேர வகுப்பு எடுக்கும் எனக்கு ஒவ்வொரு தவணையும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "சேர், பெரிய இலக்கம் வந்தா எந்த முறையில செய்யிறது?" சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. உயர் தரத்தில் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் அதே கட்டுப்பாடுதான். எனவே கையால் செய்யும் முறையைச் சரியாகத் தெரிந்தெடுப்பது புள்ளியோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

நம்ம பக்கத்துக் கணக்கொன்றையே எடுப்போம். அம்பாறையின் சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கனமீற்றர். குளம் நிறைந்தால் எத்தனை கனமீற்றர் தண்ணீர்?

பூச்சியம் எண்ணுகிற பிள்ளை 77 ஐ 1,233 ஆல் பெருக்கி 94,941 எடுக்கும். விட்ட நாலு பூச்சியத்தைப் பின்னால் போட்டு 949,410,000 என்று எழுதிவிடும். சரியான விடை, வேகமாகவும் வந்தது. இந்த முறையை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பூச்சியங்கள் கூடக்கூட இதன் பலவீனம் தெரியும். சூரியனிலிருந்து ஒளி பூமிக்கு வரும் நேரத்தைக் காணும் கணக்கில் ஒரு மாணவியின் கொப்பியைப் பார்த்தேன். மேலே 150,000,000,000 மீற்றர், கீழே 300,000,000. பென்சிலால் ஒவ்வொரு பூச்சியமாக வெட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கீழே எட்டு வெட்டு, மேலே ஒன்பது. விடை 50 செக்கன். வர வேண்டியது 500 செக்கன், அதாவது 8 நிமிடம் 20 செக்கன். அவளுக்கு வகுத்தல் நன்றாகத் தெரியும். ஒரேமாதிரி நிற்கும் பத்துப் பூச்சியத்தைப் பிசகாமல் எண்ணக் கண்ணால் முடியவில்லை, அவ்வளவுதான்.

விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில், அதாவது 1 க்கும் 10 க்கும் இடைப்பட்ட எண்ணொன்றைப் பத்தின் வலுவால் பெருக்கி எழுதும் முறையில், அதே கணக்கு 1.5 × 10¹¹ ஐ 3 × 10⁸ ஆல் வகுப்பது. இங்கே நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்றுதான்: வலுவை முதலில் தனியாக முடியுங்கள். 11 இலிருந்து 8 போனால் 3. விடை ஆயிரங்களின் பக்கம் என்று பெருக்கல் வகுத்தலில் கை வைக்க முன்னரே தெரிந்துவிட்டது. பிறகு 1.5 ஐ 3 ஆல் வகுத்தால் 0.5, ஆயிரத்தில் பாதி 500. அந்தப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் 50 என்ற விடை அவளுக்கே உறுத்தியிருக்கும். குளத்துக் கணக்கும் இப்படித்தான், 7.7 × 10⁵ ஐ 1.233 × 10³ ஆல் பெருக்குவது: 5 உம் 3 உம் கூட்டி 8, 7.7 × 1.233 ஏறத்தாழ 9.494, விடை 9.494 × 10⁸.

சுட்டி, அதாவது பத்தின் மேலே எழுதும் சின்ன எண், மறையாக வரும்போதுதான் பிள்ளைகள் அதிகம் வழுக்குவார்கள். 6 × 10⁻³ ஐ 2 × 10⁻⁷ ஆல் வகுக்கச் சொன்னால் 10⁻¹⁰ என்று எழுதுவோர் பலர். கீழேயுள்ள 10⁻⁷ ஐ 10⁷ ஆக்கி மேலே கொண்டுபோய், பிறகு கூட்டச் சொல்வேன். அப்போது 3 × 10⁴ தானாக வரும்.

இலட்சம், கோடி என்று வாயால் சொல்லும் வழக்கத்தையும் கணக்கு முறையாகவே நான் மதிக்கிறேன். 9.494 × 10⁸ என்றால் 95 கோடி கனமீற்றர் அளவு. நாட்டில் இரண்டு கோடிப் பேர் என்று வைத்தால் தலைக்கு 47 கனமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, மனதாலேயே சொல்லிவிடலாம். விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒன்றுக்குக் கீழே போனால்தான் இது கைகொடுக்காது. நம்முடைய பழைய பின்னங்கள் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அவை பத்துப் பத்தாக இறங்குவதில்லை.

மடக்கை அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தனிப் பாடமாக நினைத்துப் பயப்படுகிறார்கள். பத்தை எந்த வலுவுக்கு உயர்த்தினால் ஓர் எண் வருமோ, அந்த வலுதான் பத்தின் அடியில் அந்த எண்ணின் மடக்கை. ஜோன் நேப்பியர் 1614 இல் மடக்கையை வெளியிட்டார். ஹென்றி பிரிக்ஸ் அதைப் பத்தை அடியாகக் கொண்டு அமைத்து 1617 இல் முதல் அட்டவணையைத் தந்தார். பத்தை அடியாக்கியதால் மடக்கையின் முழுவெண் பகுதி, விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டின் சுட்டியேதான். குளத்துக் கணக்கில் 5.8865 உம் 3.0910 உம் கூட்டினால் 8.9775. அந்த 8 நாம் ஏற்கெனவே கண்ட 8. அட்டவணை தரும் விடை 9.495 × 10⁸. நேரடிப் பெருக்கலோடு ஒப்பிட்டால் நான்காம் இலக்கத்தில் ஒன்று பிசகுகிறது. வெறும் பெருக்கலுக்காக அட்டவணையைப் புரட்டுவது வீண் வேலை என்பேன்.

வர்க்கமூலம் வந்தால் கதை வேறு. 0.0045 இன் வர்க்கமூலம் கேட்டால், மடக்கை 3̄.6532, அதாவது −3 உம் 0.6532 உம் சேர்ந்தது; மேலே போட்ட கோடு முழுவெண் பகுதி மட்டும் மறை என்பதைக் காட்டும். வர்க்கமூலத்துக்கு மடக்கையை இரண்டால் வகுக்க வேண்டும். கோடு போட்ட 3 ஐ இரண்டால் மீதியின்றி வகுக்க முடியாது. அதனால் 4̄ உம் 1.6532 உம் ஆகப் பிரித்து வகுக்கிறோம். 2̄.8266 வரும், விடை 0.06708. இந்தப் பிரிப்பை மனப்பாடமாகவே செய்துவிட்டுப் போவார்கள். அதே கணக்கைச் சுட்டியில் எழுதிக் காட்டுவேன்: 4.5 × 10⁻³ இல் சுட்டி ஒற்றை, அதை 45 × 10⁻⁴ ஆக்கினால் √45 × 10⁻². 45 என்பது 49 க்குச் சற்றுக் கீழே, ஆகவே மூலம் 6.7 அளவு. மடக்கையில் 3̄ ஐ 4̄ ஆக்கியதும் இங்கே 10⁻³ ஐ 10⁻⁴ ஆக்கியதும் ஒரே வேலை. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது முன்வாங்கில் இருக்கிற பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். நான்கு இலக்கத் துல்லியம் தேவையென்றால் அட்டவணை, மட்டந்தட்டிய விடை போதுமென்றால் சுட்டி.

கூட்டலில் மட்டும் பூச்சியம் எண்ணுகிற பிள்ளையே முந்துகிறது. 3.2 × 10⁵ உடன் 4.5 × 10⁴ ஐக் கூட்டச் சொன்னால், சுட்டி பழகியவர்கள் 7.7 × 10⁹ என்று எழுதிவிடுவதுண்டு. பெருக்கலில் சுட்டியைக் கூட்டிக் கூட்டி வந்த பழக்கம் அது. பூச்சியக்காரப் பிள்ளை 320,000 க்குக் கீழே 45,000 ஐ நேராக எழுதி 365,000 என்று முடித்துவிடும். கூட்டல் வந்தால் நானும் ஒரு தடவை பூச்சியம் போட்டு விரித்து எழுதச் சொல்கிறேன். அதன் பிறகுதான் 32 × 10⁴ உம் 4.5 × 10⁴ உம் என்று ஒரே வலுவுக்குக் கொண்டுவரப் பழக்குகிறேன்.