பழைய பிஎச்பியும் புதிய பிஎச்பியும் ஒரே மேக்கில்: ஹோம்புரூவா, மேக்போர்ட்ஸா, நிக்ஸா?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கோயிலின் நன்கொடை அகப்பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிஎச்பி என்ற நிரல் மொழியின் 7.4 பதிப்பில் எழுதியது. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. தைப்பூசக் கூட்டம் வருவதற்குள் 8.3க்கு மாற்றியாக வேண்டும். மாற்றி முடியும்வரை என் மேக்கில் இரண்டும் அக்கம்பக்கமாக ஓட வேண்டும்.

இரண்டும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். தொகைப் பெட்டியைக் காலியாக விட்டு அனுப்பினால், 7.4 'தொகையை எழுதவும்' என்று திருப்பி அனுப்பியது. அதே நிரல் 8.3இல் ரசீதே போட்டுக் கொடுத்துவிட்டது. காலிச் சொல்லையும் பூஜ்யத்தையும் == வைத்து ஒப்பிட்டால் 7இல் சமம், 8இல் சமமில்லை; அதுதான் காரணம். பொருளாளர் பார்த்துவிட்டு, "தம்பி, தொகை இல்லாம ரசீது எப்படிப்பா வரும்?" என்றார். இரண்டு சன்னல்களையும் ஒட்டி வைத்துப் பார்த்திருக்காவிட்டால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

தலைப்பில் உள்ள மூன்றும் மென்பொருள்களை, அதாவது பேக்கேஜ்களை, நிறுவிப் புதுப்பிக்கும் கருவிகள். மேக்கில் பலரும் முதலில் போவது ஹோம்புரூவுக்கு. பெயருக்குப் பின்னால் @ போட்டுப் பதிப்பு எண்ணைச் சேர்த்தால் அந்தப் பதிப்பு தனி இடத்தில் வந்து உட்காரும். ஆனால் டெர்மினலில் வெறுமனே 'பிஎச்பி' என்று அடித்தால், எந்தப் பதிப்பை அந்தப் பெயரோடு இணைத்திருக்கிறோமோ (லிங்க்) அதுதான் ஓடும். மற்றது வேண்டுமென்றால் அன்லிங்க், லிங்க், இல்லையென்றால் முழுப் பாதையையும் அடிக்க வேண்டும். ஆதரவில் உள்ள இரண்டு பதிப்புகளுக்கு இது தாராளமாகப் போதும். காலாவதியான பதிப்புகளை அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், 7.4 அங்கே இல்லை, வெளியார் நடத்தும் 'டேப்' எனும் தனிக் களஞ்சியம் ஒன்றைத் தேட வேண்டும். இன்னொன்று: ஒரு பேக்கேஜ் புதுப்பிக்கப்படாமல் இருக்க 'பின்' (pin) கட்டளையால் நிறுத்தினால் அந்த ஒன்றுதான் நிற்கும். அது நம்பியிருக்கும் லைப்ரரிகளுக்கு (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் துணை நிரல்களுக்கு) அந்தக் காவல் கிடையாது.

மேக்போர்ட்ஸ் 2002இல் தொடங்கியது, ஹோம்புரூவுக்கு மூத்தது. அதில் 7.4க்கும் 8.3க்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் கட்டளை: பிஎச்பி74, பிஎச்பி83. எதையும் மாற்றிப் போடாமல் இரண்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எனக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் எந்தப் பதிப்பில் ஓட்டுகிறோம் என்பதை மறப்பதுதான் இந்த வேலையில் ஆபத்து. நன்கொடையாளர் பெயர்களை அகர வரிசையில் அடுக்க, மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் ஐசியு என்ற லைப்ரரி வேண்டும். அது புதுப்பிக்கப்பட்டு, அதை நம்பிய எதுவும் உடைந்துபோனால், மேக்போர்ட்ஸ் தானே தேடிப் பார்த்துத் திரும்பக் கட்டிவிடும். குறையும் உண்டு. முன்பே கட்டித் தயாராக வைத்த கோப்பு இல்லாத பேக்கேஜ் என்றால் மூல நிரலிலிருந்தே கட்டும். ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறிப்போகும் அளவுக்கு நேரம் எடுக்கும். அப்புறம், ஹோம்புரூவையும் இதையும் ஒரே மேக்கில் கலந்து வைக்காதீர்கள். கட்டும்போது ஒன்றின் லைப்ரரியை மற்றது எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

நிக்ஸ் இதே சிக்கலை அடியிலிருந்தே யோசித்தது. ஒவ்வொரு பேக்கேஜும் தன்னை அடையாளம் காட்டும் 32 எழுத்து முத்திரையோடு தனி அடைவில் இருக்கும். பழைய பிஎச்பி தன் பழைய ஐசியுவையே பிடித்திருக்கும், ஒன்று மற்றொன்றைத் தொடாது. களஞ்சியத்தின் பழைய நிலை ஒன்றைக் குறித்து வைத்தால் நீக்கப்பட்ட பதிப்பும் கிடைக்கும். நான்கைந்து பேர் ஒரே திட்டத்தில் வேலை செய்தால் நான் இதைத்தான் சொல்வேன். தனி ஆளுக்கு, அதன் மொழியைக் கற்கவே சில வாரம் போய்விடும்.

மென்பொருளைத் தனிப் பெட்டியில் ஓட்டும் டோக்கர் என்ற கருவியில் 7.4 இமேஜ் (ஓட்டத் தயாரான தொகுப்பு) இன்னும் கிடைக்கிறது, சர்வரில் இருக்கும் லினக்ஸுக்கும் அதுதான் மிக நெருக்கம். ஆனால் மேக்கில் அதற்காக ஒரு மெய்நிகர் லினக்ஸ் எப்போதும் ஓட வேண்டும். 8 ஜிபி மெமரிக்கு அது பாரம்.

நான் மேக்போர்ட்ஸில் நின்றுவிட்டேன். என் மேக்கில் 7.4 ஓடும் இணைப்பு எண் (போர்ட்) 8080, 8.3 ஓடுவது 8081. தொகை சோதனையைத் திருத்தியாயிற்று. இந்த வாரம் பெயர் வரிசையை இரண்டிலும் ஓட்டிப் பார்க்கிறேன்.