மூழ்கிய பேராலயம்: அச்சு சொல்வதா, டெபுஸ்ஸியின் கை சொல்வதா?

ஒரே பியானோ இசை. ஒருவர் வாசித்தால் 5 நிமிடத்தில் முடிகிறது. இன்னொருவர் அதே தாள்களை வைத்துக்கொண்டு 7 நிமிடம் வாசிக்கிறார். இருவரும் ஒரு ஸ்வரத்தைக்கூட விடவில்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் பிரெலூடுகள் (சிறு பியானோ இசைகள்) முதல் தொகுப்பில் 10ஆவதாக வரும் ‘மூழ்கிய பேராலயம்’ இப்படி இரண்டு உருவத்தில் உலவுகிறது. பியானோ கற்கிறவர்கள் எந்த உருவத்தை எடுத்துக்கொள்வது என்று பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிக்கல் முதல் வரியிலேயே இருக்கிறது. 1910இல் பாரிஸில் துராந்த் பதிப்பகம் வெளியிட்ட பதிப்பில், தாளக்குறி இருக்கும் இடத்தில் ‘6/4 = 3/2’ என்று போட்டிருக்கிறது. கிராட்செட், மினிம் இரண்டும் ஸ்வரத்தின் நீளத்தைக் காட்டும் குறிகள்; ஒரு மினிம் இரண்டு கிராட்செட் நீளம். எனவே 6 கிராட்செட் என்றாலும் 3 மினிம் என்றாலும் கணக்கு ஒன்றுதான். ஆகவே எல்லா பாரும் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) ஒரே நீளம், ஒரு மினிமுக்கு எப்போதும் இரண்டு கிராட்செட் என்று எடுத்துக்கொள்வது முதல் வழி. இது அச்சு வழி. கிராட்செட் நடையில் போகும் இடத்திலிருந்து மினிம் நடைக்கு மாறும்போது எண்ணிக்கை மாறுவதில்லை, பழைய கிராட்செட்டின் நீளம்தான் புதிய மினிமுக்கு என்பது இரண்டாவது வழி. நம் பேச்சில் சொன்னால், எழுதியிருப்பதை அங்கே இரண்டாம் காலத்தில் வாசிக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வழியை யாரோ பின்னாளில் கற்பனை செய்து சொல்லவில்லை. 1913இல் வெளிவந்த வெல்டே-மிக்னோன் பியானோ சுருளில் (வாசிப்பைத் துளைகளாகப் பதிந்து, இயந்திரப் பியானோவில் திரும்ப ஒலிக்க வைக்கும் காகிதச் சுருள்) டெபுஸ்ஸியே இதை வாசித்திருக்கிறார். 7 முதல் 12 வரையிலான பார்களையும், 22 முதல் 83 வரையிலான பார்களையும் இரட்டை வேகத்தில் வாசிக்கிறார். 1968இல் இசை ஆய்வாளர் சார்ல்ஸ் பர்க்கார்ட் இதைக் கட்டுரையாக எழுதி விளக்கினார். 1985இல் வந்த துராந்த் முழுத்தொகுப்புப் பதிப்பில் பியானோ கலைஞரும் ஆய்வாளருமான ராய் ஹோவட் ‘கிராட்செட் = மினிம்’ என்ற சமன்குறிகளைச் சேர்த்தார்.

அச்சு வழிக்காரர்களின் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. பதிப்பு வந்த பிறகு டெபுஸ்ஸி 8 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், தவறு என்றால் திருத்தியிருக்க மாட்டாரா என்று கேட்கிறார்கள். சுருள் என்பது இயந்திரம், ஓட்டும் வேகத்தை மாற்றினால் இசையின் வேகமும் மாறிவிடும், அதை எப்படி நம்புவது என்றும் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. சுருளை வேகமாக ஓட்டினால் முழுப் பாடமும் வேகமாகும், மெதுவாக ஓட்டினால் முழுவதும் மெதுவாகும். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலான விகிதம் மாறாது. நமக்கு வேண்டியது அந்த விகிதம் மட்டும்தான். முதல் கேள்வியைப் பொறுத்தவரை, தன் கையில் ஓடும் இசையைத் தாளில் பார்க்கிறவருக்கு அங்கே விடுபட்டது கண்ணில் படாது. எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம் இது.

சரி, சுருளே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பியானோ முன் உட்கார்ந்து 19ஆம் பாரிலிருந்து வாசித்துப் பாருங்கள். பனிமூட்டத்திலிருந்து கோயில் மேலே எழும்பும் இடம் அது. ஒலியைப் படிப்படியாகக் கூட்டச் சொல்கிறார் டெபுஸ்ஸி, ‘அவசரப்படாமல்’ என்று அடைப்புக்குறிக்குள் எச்சரிக்கிறார். அச்சு வழியில் வந்தால் 22ஆம் பாரில் கால் இடறுகிறது. ஒலி ஏறிக்கொண்டிருக்கும்போது நடை திடீரென்று பாதியாகிவிடுகிறது. சுருள் வழியில் அடி அப்படியே தொடர்கிறது, 28ஆம் பாரில் சி மேஜரின் பெரிய கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) வந்து நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ‘அவசரப்படாமல்’ என்ற சொல்லும் கெடவில்லை, ஏனென்றால் அடி வேகமாகவில்லை, எழுத்துதான் மாறியது.

72ஆம் பாரிலும் இதே கதை. அங்கே இடதுகையில் தாழ்ந்த ஸ்வரங்கள் அலையாக ஓடுகின்றன, மேலே ‘மிதந்தபடி, மங்கலாக’ என்று எழுதியிருக்கிறார். அச்சு வழியில் ஒவ்வொரு குவேவரும் (அரை கிராட்செட்) தனித்தனியாகக் காதில் விழுகிறது, எண்ணிவிடலாம். இரட்டை வேகத்தில் அவை கலங்கி ஒரே நீர்ப்பரப்பாகிவிடுகின்றன. கடலுக்குள் கேட்பது எதுவாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அச்சு வழியில் ஒரு அழகு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கார்டுகளின் அடியில் ஒலிக்கும் ஆழமான சி ஸ்வரம், மெதுவாகப் போகும்போது நிதானமாகத் தேய்ந்து மணியோசை போலவே அடங்குகிறது. அதில் மயங்கி வாசிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: மொத்தம் 89 பார், அதில் 68 இந்தச் சர்ச்சைக்குள் வருகிறது. சுருள் வழியில் அந்த 68 பாருக்கு 34 பாரின் நேரம்தான் ஆகும். மீதி 21 பாரையும் சேர்த்தால் மொத்தம் 55. அச்சு வழியில் அதே அடியைப் பிடித்தால் 89. அவ்வளவு நீளத்தை இந்த மெட்டு தாங்கவில்லை. அதனால்தான் அச்சு வழியில் போகிறவர்களில் பலர் நடுவில் தங்களை அறியாமலே வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

இது ஏன் இவ்வளவு காலம் மறைந்திருந்தது? பீத்தோவனின் ஓபஸ் 111 பியானோ சொனாட்டாவின் இரண்டாம் பகுதியோடு ஒப்பிட்டால் புரியும். அங்கே இரண்டாவது வேரியேஷனுக்கு 6/16 என்று தாளக்குறி, ஆனால் பாருக்குள் எழுதியிருப்பதைக் கூட்டினால் 9 பதினாறாம் ஸ்வரம் (ஒவ்வொன்றும் கால் கிராட்செட்) வருகிறது. மும்மைக்கான எண்ணை, அதாவது இரண்டின் நேரத்தில் மூன்று என்று காட்டும் ‘3’ஐ, போடாமல் விட்டிருக்கிறார். கூட்டல் உதைப்பதால் வாசிப்பவர் உடனே விழித்துக்கொள்கிறார். டெபுஸ்ஸியின் தாளில் எந்தப் பாரைக் கூட்டினாலும் கணக்கு சரியாக வரும். எனவே அங்கே விழித்துக்கொள்ள எதுவும் இல்லை.

உங்களிடம் பழைய அச்சின் நகல்தான் இருக்கிறது என்றால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பென்சிலை எடுத்து 7ஆம் பாரிலும் 22ஆம் பாரிலும் ‘பழைய கிராட்செட் = புது மினிம்’ என்று எழுதுங்கள். 13இலும் 84இலும் அதையே திருப்பி எழுதுங்கள். அப்புறம் முதல் பாரிலிருந்து ஒரே அடியில், காலால் தட்டிக்கொண்டே, கடைசிவரை வாசியுங்கள்.