டர்பன் கடற்கரையில் ஏழு வருடம்: என் மெட்டல் டிடெக்டரும் நான் மாற்றிக்கொண்டவையும்

பக்கத்து வீட்டு அக்காவின் தாலி தொலைந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தக் கருவிகளைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அது அந்த மூன்று நாளில் தொடங்கியதுதான்.

அன்று டிசம்பர் 26. டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிரியாணிப் பானையோடு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்து இறங்கும் நாள். அக்கா ஐசிபிங்கோவில் முழங்கால் தண்ணீரில் பேரனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெரிய அலை ஒன்று அடித்ததில் மஞ்சள் கயிறு அறுந்து தாலி போய்விட்டது. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, உங்கிட்ட அந்த மிஷின் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் விளையாட்டாகப் பயன்படுத்திய மலிவான கருவி. ஈர மணலில் வைத்த நிமிடமே அது விடாமல் கத்த ஆரம்பித்தது. உணர்திறனைக் குறைத்தேன்; சத்தம் நின்றது. சோதித்துப் பார்க்க என் மோதிரத்தைக் கழற்றி மணலில் ஒரு விரல் ஆழத்தில் புதைத்தேன். அதன்மேல் ஆட்டினாலும் ஒரு சத்தமும் இல்லை. மூன்று நாள் தேடினேன். தாலி கிடைக்கவில்லை.

அந்தக் கருவி ஒற்றை அதிர்வெண்ணில் வேலை செய்வது. தோட்டத்து மண்ணுக்கு அது போதும், கடலோரத்துக்குப் போதாது. காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. கருவியின் அடி முனையில் இருக்கும் வட்டமான கம்பிச்சுருள்தான் காயில் (coil). அது ஒரு மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் பட்ட உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் சிறு புலத்தைத்தான் கருவி கேட்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஈர மணல் முழுவதும் ஒரு மெல்லிய உலோகத் தகடு விரித்தது போலத் தெரியும். அதோடு இங்கே கருமணலும் உண்டு. நம்மூர் மணவாளக்குறிச்சியில் இருப்பதைப் போன்ற இல்மனைட் மணல்தான். வடக்கே ரிச்சர்ட்ஸ் பேயில் அதை 1970களிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கடற்கரைகளிலும் அலை வடிந்த இடத்தில் கறுப்புக் கோடுகளாகப் படிந்திருக்கும். உப்பு ஒரு விதமாக இழுக்கும், காந்தத்தன்மையுள்ள கருமணல் வேறு விதமாக இழுக்கும். ஒற்றை அதிர்வெண் கருவி இரண்டில் ஒன்றைத்தான் சமன் செய்ய முடியும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கருவி அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டையும் கழித்துவிடும்.

அதனால்தான் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 வந்த வருடமே, 2018-ல், காசு சேர்த்து வாங்கினேன். அதே வரிசையில் அதற்குக் கீழுள்ள 600-ஐ விட்டு 800-ஐ எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் மீட்பு வேகத்தை 1-லிருந்து 8 வரை நுணுக்கமாக மாற்றலாம். 600-ல் மூன்று படிதான். ஒரு பொருளின் ஒலி முடிந்து அடுத்த பொருளின் ஒலியைக் கேட்க கருவி எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பதுதான் மீட்பு வேகம். சோடா மூடிகளுக்கு நடுவே ஒரு மோதிரம் கிடந்தால் இதுதான் காப்பாற்றும். கருவி 1.34 கிலோ எடை, 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறக்கலாம். கடற்கரைக்கு இரண்டு செட்டிங். உலர்ந்த மணலுக்கும் ஈர மணலுக்கும் பீச் 1. அலைக்குள் இறங்கினால் பீச் 2. அதில் அனுப்பும் சக்தி குறைவு, சத்தமும் குறைவு. முதல் நாளே ஐசிபிங்கோவில் அதே மோதிரத்தை ஈர மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துப் பார்த்தேன். தெளிவாக ஒலித்தது. அங்கேயே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, கருவி நல்லதாக அமைந்துவிட்டது. ஆனாலும் முதல் ஒரு வருடம் நாணயங்களைத் தவிர எனக்கு அதிகம் எதுவும் கிடைக்கவில்லை. தப்பு என் செட்டிங்கில் இருந்தது.

திரையில் -9-லிருந்து 40 வரை எண்கள் வரும். பூஜ்யமும் அதற்குக் கீழும் இரும்பு. வெள்ளியும் செம்பும் மேலே இருபதுகளில், முப்பதுகளில் வரும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: கீழ் எண்களை ஒலிக்காதபடி மொத்தமாக அடைத்துவிட்டேன், குப்பையைத் தோண்ட வேண்டாமே என்று. மெல்லிய தங்க மோதிரம், கம்மல், மூக்குத்தி எல்லாம் அதே கீழ் எண்களில்தான் வரும். சிகரெட் பெட்டித் தாள், அலுமினியத் தாள், பான டின் வளையம் எல்லாம் தங்கத்தோடு ஒரே வரிசையில் நிற்கும். கருவிக்குத் தங்கத்தின் மாற்றுப் பார்க்கத் தெரியாது. 22 காரட்டா, இங்கே கடைகளில் அதிகம் விற்கும் 9 காரட்டா என்பதைவிடப் பொருளின் அளவும் வடிவமும்தான் எண்ணைத் தீர்மானிக்கின்றன. முழு வளையமாக இருந்தால் மின்னோட்டம் சுற்றி ஓட வழி இருக்கும், ஒலி பலமாக வரும். அதே மோதிரம் வெட்டுப்பட்டிருந்தால் ஒலி பாதியாகிவிடும். சங்கிலி இன்னும் மோசம். பத்துப் பவுன் சங்கிலியாக இருந்தாலும் கருவிக்கு அது தனித்தனிக் கண்ணிகள்தான். கொக்கியோ பதக்கமோ இருந்தால்தான் அது தெரியவே தெரியும். நம் பெண்கள் கடலில் தொலைப்பது எது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இப்போது நான் எதையும் அடைப்பதில்லை. இரும்பை மட்டும் தாழ்ந்த ஒலியில் வைத்திருக்கிறேன், அதுவும் காதில் கேட்கும்படி. ஒன்று, இரண்டு என்று நிலையில்லாமல் வருவது உப்பின் சத்தம். மூன்றுக்கு மேல் இரு பக்கம் ஆட்டியும் அதே எண்ணில் நின்றால் தோண்டுவேன். ஒரு காலையில் நாற்பது தாள், ஒரு மோதிரம் என்பது நல்ல கணக்கு.

நாணயத்துக்கு வந்தால், இங்கே ஒரு சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 10, 20, 50 சென்ட் காசுகள் பல வருடங்களாக எஃகின்மேல் வெண்கலப் பூச்சு போட்டவை. கருவி அவற்றை ஒரு முறை இரும்பு என்னும், மறுமுறை உயர்ந்த எண்ணைக் காட்டும். அந்தத் துள்ளல் பழகிவிட்டால் தோண்டாமலே சொல்லிவிடலாம். பழைய காசு அப்படியில்லை. மாமனார் வீட்டுத் தோட்டத்தில் 1942 போட்ட மூன்று பென்னி வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. இங்குள்ள பெரியவர்கள் அதை டிக்கி என்பார்கள். 1950 வரை அடித்ததில் 80 சதவீதம் வெள்ளி. சாட்ஸ்வொர்த் 1960களில் குடியிருப்பாகும் முன்பு அந்தப் பக்கம் முழுக்க நம்மவர்களின் வாழைத்தோட்டங்கள். வாழைக்கன்று விற்ற காசாகக்கூட இருக்கலாம் என்று மாமா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

இனி நான் மாற்றியவை. காயிலில்தான் நான் முதலில் பணத்தை வீணாக்கினேன். கூட வந்தது 11 அங்குலம். இன்னும் ஆழம் போகலாம் என்று 15 அங்குலம் வாங்கினேன். சிறிய பொருளின் சைகை, காயிலின் அகலத்தைத் தாண்டிய தூரத்தில், மிக வேகமாக விழும். தூரம் இரட்டித்தால் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்குதான் திரும்பும். ஆகவே பெரிய காயில் கொடுக்கும் கூடுதல் ஆழம் சில சென்டிமீட்டர்தான். பதிலுக்கு அது மெல்லிய கம்மலைத் தவறவிடும், கையையும் வலிக்க வைக்கும், அலைக்குள் இழுபடும். ஆளில்லாத நீண்ட மணலில் நடக்க நல்லது. எனக்கு அது வருடத்துக்கு இரண்டு முறைதான் வெளியே வருகிறது. பிறகு வாங்கிய 6 அங்குலம்தான் நிலைத்தது. குப்பை அதிகமுள்ள இடத்திலும் பாறை இடுக்கிலும் அதற்கு இணை இல்லை. சிறு தங்கத்தை அது பிடிக்கும் விதம் வேறு. வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: 11-ஐ வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதாகச் சின்னதை வாங்குங்கள்.

கருவிக்கு அடுத்தபடி, மணலை அள்ளிச் சலிக்கும் ஓட்டைக் கூடையான, நீண்ட பிடி போட்ட ஸ்கூப்தான் மிக முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். முதல் வருடம் பிளாஸ்டிக் கையள்ளியோடு குனிந்து குனிந்து இடுப்பே போனது. அலைக்குள் அது பயனே இல்லை. நீங்கள் அள்ளும் முன் குழி மூடிவிடும். கடையில் விற்கும் எஃகு ஸ்கூப்புகளில் ஓட்டை பெரிது, மூக்குத்தியும் கம்மல் திருகும் வழியாக விழுந்துவிடும். மாமாவுக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறை ஒன்றில் 316 துருப்பிடிக்காத எஃகில் செய்யச் சொன்னோம். முதலில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டோம். ஈர மணல் அதில் இறங்கவே இல்லை, கூடையோடு கல்லைப் போல நின்றது. இரண்டாவது முறை அடிப்பக்கம் 7, பக்கவாட்டில் 10 என்று போட்டோம். அலை ஓரத்தில் ஒரு குலுக்கலில் மணல் இறங்குகிறது, கம்மல் அடியில் நின்றுவிடுகிறது. மண்ணில் குத்தும் முனையைக் கூர்மையாக்காமல் சற்று வளைத்து விட்டோம், மோதிரத்தைக் கீறாமல் இருக்க. பிடி மரத்தில், மாமாவின் பழைய மண்வெட்டிக் காம்பு. காலால் மிதிக்க ஒரு பட்டை. ஐந்து வருடமாக இதுதான் ஓடுகிறது.

ஹெட்போனில் ஒரு வருத்தம். கூட வந்த கம்பியில்லாத ஹெட்போன் மணலில் அருமை. ஆனால் கருவியைத் தண்ணீருக்குள் முக்கினால் புளூடூத் வராது; கம்பி வைத்த நீர்புகா ஹெட்போன் தேவை. மலிவாகக் கிடைத்ததென்று வேறொருவர் செய்ததை வாங்கினேன். ஐந்தாவது மாதத்தில் இணைப்பு முனை பச்சை பூத்து நின்றுவிட்டது. திருப்பிக் கேட்டபோது பதிலே இல்லை. இரண்டாவது ஜோடிக்கு ஒவ்வொரு முறையும் முனையில் சிலிகான் கிரீஸ் தடவுகிறேன். இதுவரை கெடவில்லை.

கருவியின் தண்டைக் கார்பன் ஃபைபருக்கு மாற்றி, முழங்கைக்குப் பின்னால் சிறு எடை கட்டினேன். மூன்று மணி நேரம் ஆட்டினாலும் தோள் வலிப்பதில்லை. தோண்டிய குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கைக்கருவியான பின்பாயிண்டர் கடற்கரையில் அதிகம் வேண்டாம், தோட்டத்தில் கட்டாயம் வேண்டும்.

மின்வெட்டு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. 2022, 2023-ல் தினமும் சில மணி நேரம் லோட் ஷெடிங். தோட்டத்தில் அந்த டிக்கியையும் ஒரு மோதிரத்தையும் நிரந்தரமாகப் புதைத்து வைத்துச் சோதிப்பேன். மின்சாரம் போன நேரத்தில் கருவி அப்படியே அமைதியாகிவிடும். உணர்திறனை 18-லிருந்து 22-க்கு ஏற்ற முடிந்தது. அதுவரை மண்ணின் சத்தம் என்று நினைத்திருந்ததில் பாதி, வீட்டு வயரிங்கின் சத்தம். அதற்குப் பிறகு ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் நார்த் பீச்சில் இறங்கியதும் முதல் வேலையாக இரைச்சல் நீக்கத்தை ஓடவிட்டு, உணர்திறனையும் இரண்டு படி குறைத்துக்கொள்கிறேன். உணர்திறன் கூடினால் ஆழம் கூடும் என்பது அமைதியான இடத்தில்தான்.

எப்போது போவது என்பதற்கு எனக்கு நம் நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வடியும். டர்பனில் அது காலை 10 மணி வாக்கில் வரும், வெளிச்சத்தில் வேலை செய்யலாம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். காயில் மூடிக்குள் தங்கும் ஈரக் கருமணலே பொய் ஒலி கொடுக்கும், அதையும் கழற்றிக் கழுவுங்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1999-ன் தேசிய பாரம்பரிய வளச் சட்டப்படி, தொல்லியல் இடத்துக்கு அனுமதியில்லாமல் இந்தக் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. 60 வருடத்துக்கு மேற்பட்ட கப்பல் சிதைவுகளும், 75 வருடத்துக்கு மேற்பட்ட ராணுவத் தடயங்களும் அதில் அடங்கும். போயர் போர்க் களங்களில் தோட்டா பொறுக்கும் ஆசை வேண்டாம். அங்கே ஒவ்வொரு தோட்டாவும் கிடக்கும் இடம்தான் வரலாறு. சட்டம் சொல்லாத ஒன்றை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்: ப்ளூ லகூனில், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில், நான் கருவியை இறக்குவதில்லை. நம்மவர்கள் அஸ்தி கரைக்கும், பூசை போட்டுக் காசு விடும் தண்ணீர் அது.

இதுவரை பதினொரு மோதிரங்களைச் சொந்தக்காரர்களிடம் சேர்த்திருக்கிறேன். கிடைக்கும் தூண்டில் ஈயங்கள் எல்லாம் மாமாவுக்கு. அவர் உருக்கி மறுபடி வார்த்து அதே கடலில் வீசுகிறார், நான் மறுபடி தோண்டுகிறேன்.

அக்கா அதன் பிறகு வேறு தாலி போட்டுக்கொண்டார். என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கனமான பொருள் மணலில் இறங்கிக்கொண்டே போய்க் கீழே உள்ள கெட்டி அடுக்கில் நிற்கும். பெரிய கடல் கரையை அரித்துவிட்டுப் போகும்போதுதான் அந்த அடுக்கு எட்டும். போன வாரக் காற்றில் ஐசிபிங்கோவில் மணல் இடுப்பளவு அரிபட்டிருக்கிறது என்று மாமா சொன்னார். வியாழக்கிழமை அமாவாசை. 6 அங்குலக் காயிலை மாட்டி வைத்துவிட்டேன்.